ஒண்ணுமில்லம்மா

பெனிட்டா சேர்ந்த செவிலியர் கல்லூரியில் என்ன படிக்க விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. முதல் பருவம் முழுக்கக் குரலாய்வி என்ற கருவி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மாணவியின் பேச்சையும் நாடித்துடிப்பையும் சேர்த்து எடைபோட்டு, தீவிர சிகிச்சையா, மனநலமா, முதியோர் பராமரிப்பா, ஆசிரியப் பணியா என்று அதுவே சொல்லிவிடும்.

அவளுக்கு வேண்டியது இதயத் தீவிர சிகிச்சைப் பட்டம். அப்பா சவரிமுத்துவுக்கு இதய வால்வு பழுது. படித்துத் திரும்பி வந்து நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் திண்டுக்கல்லிலிருந்து பின்லாந்துக்கு வந்தாள். நகரின் பெயர் தாம்பெரே. அப்பா எல்லோரிடமும், "பக்கத்துலதான், தாம்பரம் தாண்டி" என்பார்.

முடிவு வந்தது: ஆறுதல் செவிலியம்.

"அப்படி ஒரு படிப்பே இல்லையே?"

"இந்த வருஷம்தான் ஆரம்பிக்கிறாங்க," என்றது குரலாய்வி, அவள் ஊர்த் தமிழிலேயே. "நீங்க வீட்டுக்கு அனுப்புன கடுதாசி எல்லாம் கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா, நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன்.' அப்ப உங்க நாடி ஓடுன ஓட்டத்துக்கு வேற யாரா இருந்தாலும் குரல் ஒடஞ்சிருக்கும். உங்களுக்கு ஒடையல."

பேச்சை எழுத்தாக்கி, குரலையும் சேர்த்து அனுப்பும் ஒலியெழுதியில் அவள் சொன்னவை அவை. குளியலறைக் கதவைச் சாத்தி, அழுது முடித்துவிட்டுச் சொன்னவை.

மறுக்கலாம். மறுத்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். விசா காத்திருக்காது.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் அறைத்தோழி ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. "பெட்பேன் தூக்க வேண்டாம், நைட் டியூட்டி கெடையாது. வாயாலயே வேல. பேசாம கையெழுத்தப் போடு."

"அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"இதய வார்டுன்னு சொல்லு. ஒன் கொரல நம்பாதவங்க உண்டா?"

அப்படியே சொன்னாள். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

படிப்பு என்றால் ஒலிப்பதிவுதான். அவளுடைய குரலின் நகல் பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் போனது. வார்டு வாசலில் காத்திருப்பவர்களிடம், நோயாளியின் நிலைமைக்குத் தக்க வாக்கியத்தை அந்தந்த மொழியில் பேசியது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவள் தயங்கினாள். மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, அவர்கள் வெளியே வந்து சொல்லும்வரை, வாசலில் யாரும் அலறிவிடாமலிருக்கச் சொல்வது. என்ன சொல்லலாம் என்று அவளையே கேட்டார்கள். அவள் வாயில் வந்தது ஒன்றுதான்.

கடைசி ஆண்டில் ஒரு பிற்பகல் அம்மா அழைத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அப்பாவுக்கு நேத்து மூச்சு முட்டிருச்சு கண்ணு. பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பயந்தே போயிட்டேன். ஆனா வார்டு வாசல்ல ஒரு குரல் பேசுது பாரு, அச்சு அசல் உன் குரல்! 'ஒண்ணுமில்லம்மா, நல்லா தூங்குறாரு'ன்னுச்சு. நீயே பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அதான் வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வரலாம்னு கெளம்பிட்டேன்."

பெனிட்டா இடைமறித்தாள்.

"அம்மா, பஸ்ஸ நிறுத்தச் சொல்லு. எறங்கு. ஒடனே அப்பாகிட்ட போ."

"என்னது?"

"அந்தக் குரல் என்னோடதும்மா. அது அப்படிச் சொன்னா, இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டாள். ஆனால் பழக்கப்பட்ட குரல், ஓரெழுத்துகூட நடுங்கவில்லை.

"பஸ் சத்தத்துல சரியா கேக்கல கண்ணு," அம்மா சிரித்தாள். "ஒண்ணுமில்லன்னுதானே சொன்ன? அதான் உன் குரல்லயே தெரியுதே!"

"அம்மா!" என்று கத்தினாள் பெனிட்டா.

அதுவும் ஆறுதலாகத்தான் கேட்டது.