உள்பக்கமாக ஒட்டிய பூனைக் கதவு

இந்த உலகம் சிதறிப்போகாமல் ஒன்றாக இருப்பதற்குப் புவியீர்ப்பு விசை ஒரு துணைக் காரணம் மட்டுமே. முதற்காரணம் பழுப்பு நிற டேப். சரக்குக் கிடங்கில் ஒன்பது வருடமாகப் பெட்டி ஒட்டும் பிரிவைப் பார்த்துவரும் அவன் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொல்வான். கூடவே தொழிலின் ஒரே சட்டத்தையும் சொல்வான்: மூடுவதற்கு முன் உள்ளே ஒரு தடவை பார். கிடங்கில் அவனுக்கு டேப்பு என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததை அவன் பட்டமாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

ஆகவே வாடகை வீட்டின் பின்கதவில் இருந்த ஓட்டையைப் பார்த்து அக்கா பயந்தபோது அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

முன்பு குடியிருந்தவர்கள் தங்கள் பூனைக்காகப் போட்டது அது. சமையலறையின் பின்கதவில், தரையை ஒட்டி, ஒன்பது அங்குலச் சதுரம். மேலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் மூடி. முட்டினால் திறக்கும், விட்டால் தானே விழும். அக்காவின் பூனைக்கு அது வசதியாகத்தான் இருந்தது. (எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைப்பதால் பூனையின் பெயர் மேனேஜர்.) ஆனால் அந்த மாதம் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனது. இரண்டிலும் பின்கதவு வழியாக.

"கையை உள்ள விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துட்டான்னா?" என்றாள் அக்கா.

"அதுக்கு அவன் சாக்கடைப் பக்கத்துல குப்புறப் படுக்கணும். திருடனுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்குக்கா."

வீட்டுக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஆணி கூடாது. திருகு கூடாது. புதிதாக ஒரு பொட்டு ஓட்டைகூட விழக்கூடாது. "எங்க அப்பா காலத்துக் கதவு தம்பி அது." அந்த ஒன்பது அங்குலம் யார் காலத்தது என்று அவன் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா சமையலறை மேசையில் சாப்பிட உட்கார்ந்தால், இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி மடக்கிக்கொள்வாள்.

"என்னக்கா, கீழ வெள்ளமா? படகு சொல்லட்டுமா?"

"சிரி, நல்லா சிரி. உன் காலைப் பிடிச்சு இழுத்தா தெரியும்."

மறுநாள் கிடங்கில் அதை நடித்துக் காட்டினான். கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, கண்ணை உருட்டி. நல்ல கைதட்டல்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் வாசல் கதவைப் பிறாண்டியது. தன் கதவை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிவந்து, விருந்தாளி மாதிரி. உள்ளே விட்டதும் சமையலறைப் பக்கம் திரும்பாமல், முதுகு முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, படுக்கையறை பீரோவின் உச்சிக்குத் தாவியது.

அவன் பின்கதவருகே மண்டியிட்டுப் பார்த்தான். மூடியின் நான்கு ஓரங்களிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. ஆறிப்போன வாணலியில் உறைந்த கொழுப்பு மாதிரி, ஆனால் விரலால் தொட்டபோது உறைந்திருக்கவில்லை, இளஞ்சூடாக இருந்தது. அதிலிருந்து, ஈரத்தோடு வாளிக்குள் ஒரு வாரம் மறந்துபோன தரைத்துணியின் வாடையும், அதற்கும் அடியில் யாருடைய வாய்க்குள்ளிருந்தோ வருவதுபோல ஒரு புளித்த வாடையும் எழுந்தன. கொழுப்பில் ஒரு முடி. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம்.

மேனேஜரின் முடி வெள்ளை. அரை அங்குலம்.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான். நகக்கண்ணில் வாடை போகவில்லை.

"எவன் வீட்டுக் குப்பைத் தொட்டியிலேயோ புரண்டுட்டு வந்திருக்கு உன் மேனேஜர்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். சோப்புத் தண்ணீரால் துடைத்து, துணியால் உலர்த்தி, உள்ளங்கையால் பரப்பைச் சூடேற்றி, டேப்பை ஒட்டினான்: குறுக்கே ஒன்று, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, அதன்மேல் மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தான். ஆணி இல்லை, ஓட்டை இல்லை. எழுந்து இடுப்பில் கைவைத்து ரசித்தபோது, முதுகுக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில் தொங்கிய துணித்திரை லேசாக அசைந்தது. காற்று என்று நினைத்தான். இருந்த ஒரே ஓட்டையையும் இப்போதுதான் மூடினோமே என்று நினைக்கவில்லை.

ஞாயிறு கழிந்தது. திங்கள் கழிந்தது. டேப் ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை. அக்கா மட்டும் காலைத் தூக்கியே உட்கார்ந்தாள், முன்னைவிட உயரமாக, முழங்கால் மோவாயில் இடிக்க.

"அதான் ஒட்டியாச்சே. இன்னும் எதுக்கு இந்தக் கோலம்?"

"பழகிடுச்சு," என்றாள். அவனைப் பார்க்காமல்.

வாடையும் போகவில்லை. ஓட்டையை மூடினால் வாடை குறைய வேண்டும், இது கூடியது. சாதத்தில் அது ஏறியிருந்தது. தண்ணீர் டம்ளரின் விளிம்பில் இருந்தது.

செவ்வாய் மாலை வேலை முடிந்து வந்தவன், சட்டை மாற்றும்போது பீரோவின் உச்சியில் இரண்டு மஞ்சள் கண்களைப் பார்த்தான். பக்கத்தில் ஒரு தட்டு, பாதி மீனோடு. சமையலறைக்கு வந்தான். அக்கா நாற்காலியில் குத்துக்காலிட்டிருந்தாள். மேசையில் இருவருக்கும் சாப்பாடு. மேசைவிரிப்பு முழங்கால் வரை தொங்கியது.

"மேனேஜருக்கு மேலேயே சாப்பாடு வைக்கிறியா?"

"சனிக்கிழமையிலேர்ந்து இறங்கவே இல்லடா."

சுவரோரம் பூனையின் கிண்ணம் இருந்தது. காலியாக. கழுவியதைவிடச் சுத்தமாக. அடியில் பல மாதமாகக் காய்ந்து ஒட்டியிருந்த கறைகூடக் காணோம்.

"அப்ப இதை நக்கி வச்சது யாரு?"



பின்கதவருகே போய்க் குனிந்தான். டேப் அப்படியே இருந்தது. ஆனால் கீழ்ஓரம் முழுவதும் சுரண்டல். கொழுப்பு விரல் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. சற்றே நிமிர்ந்திருந்த ஒரு முனையின் பசையில் ஏதோ ஒட்டியிருந்தது. நனைந்த காகிதம் என்று நினைத்தான். காகிதத்தில் ரேகை இருந்தது. ஒரு நகமும்.

தடங்கள் எல்லாம் இந்தப் பக்கம்.

உள்பக்கம்.

மூடுவதற்கு முன் உள்ளே ஒரு தடவை பார்.

  கால்கள் அவனைக் கேட்காமல் மேசைவரை நடந்து நாற்காலியில் உட்காரவைத்தன.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ சிரிப்ப."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டில் டிவி. மணி ஏழுகூட ஆகவில்லை.

"எந்திரிச்சு வாசலுக்குப் போயிடலாம்," என்றான், உதடு அசையாமல்.

"நேத்து நான் எந்திரிச்சேன். கூடவே வந்துச்சு, கூடம் வரைக்கும்." அவள் அவன் தட்டைப் பார்த்தாள். "அது சாப்பாடு கீழ விழும்னு காத்திருக்குன்னுதான் முதல்ல நினைச்சேன்."

"இப்ப?"

"பேசாம சாப்பிடு."

மேசைவிரிப்பு அசைந்தது.

வாடை.

ஈரமான மூச்சு, வலது கணுக்காலில். பிறகு நாக்கு. பூனையின் நாக்கு சொரசொரக்கும், கன்றுக்குட்டியுடையதும் அப்படித்தான். இது வழவழவென்று இருந்தது. அகலமாக. சூடாக. குதிகாலில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், விரலிடுக்கு ஒவ்வொன்றாக. நின்றது. விழுங்கும் சத்தம் கேட்டது.

பற்கள், மெல்ல, பெருவிரலின் மேல். கடிக்கவில்லை. அளவு பார்ப்பதுபோல.

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

அவன் வலது காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தான். சாம்பல் கொழுப்பு ஒரு நூலாக நீண்டு, விரிப்புக்கு அடியிலிருந்து அறுபடாமல் கூடவே வந்தது. பிறகு இடது காலையும் தூக்கினான். முழங்காலை மோவாய்வரை இழுத்துக் கட்டிக்கொண்டான்.

கீழே, அவன் பாதங்கள் இருந்த இடத்தில், அது தரையை நக்க ஆரம்பித்தது.