செடியால் ஒரு ஆள்

காய்ச்சலில் கிடந்த ஹெலன் ஒருவழியாக எழுந்து வாசலுக்கு வந்தபோது, அங்கே அவள் பெண் உருவமாக வெட்டி நிறுத்தியிருந்த செடி வளர்ந்திருக்கவில்லை. பாழாய்ப்போன டுரான்டா வேலிச்செடி, நாலு நாள் கத்தரி படாவிட்டால் பரட்டைத் தலையாகிவிடும். பெய்த மழைக்கு உருவமே தெரியாமல் போயிருக்க வேண்டும். ஆனால் தோள், இடுப்பு, முந்தானை மடிப்பு எல்லாம் இப்போதுதான் வெட்டியதுபோல் இருந்தன.

அது ஹெலனின் அளவு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்தியே காலம் தள்ளியவளுக்கு, கம்பிக் கூட்டின் மேல் செடியை ஏற்றி வெட்டுவது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார ராஜாக்கள் தோட்டத்தில் செடியை மயிலும் யானையுமாக வெட்டி நிறுத்தியதை மொபைலில் பார்த்திருந்தாள். மயிலிடம் என்னத்தைப் பேசுவது? வீட்டுக்காரர் செத்து, மகன் ஜோசுவாவும் மஸ்கட் போன பிறகு, வாசலில் ஒரு ஆள் நின்றால் போதும் என்றிருந்தது. அளவெடுக்க வேறு உடம்பு ஏது? தன் உடம்பிலேயே கம்பியை வளைத்தாள்.

ஞாயிறு சாயந்திரம் ஜோசுவா போன் செய்வான். அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று ஞாயிறு.

பக்கத்து வீட்டு ஜஹீதா மதிலுக்கு அப்பால் நின்றிருந்தாள்.

"செடிய யாருடி வெட்டனது?" ஹெலன் கேட்டாள்.

"இன்னாக்கா, நீதானே? நேத்து சாயந்திரம் கத்தரியோட நின்னுனு இருந்தே. கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கோவமா?"

"நான் கட்டில வுட்டே எறங்கலடி."

"ஜுரத்துல மறந்துட்டிருப்பே. வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போறோம், வீட்டக் கொஞ்சம் பாத்துக்கக்கா."

அவர்கள் ஏறிய ஆட்டோ போனது. தெருவில் யாருமில்லை.

இருட்டத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. பாலாற்றுப் பக்கமிருந்து தோல் பதனிடும் ஷாப் வாடை ஈரக்காற்றில் ஏறி வர, எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமி அடங்க, அதற்குப் பின் வந்த அமைதியில் கத்தரிச் சத்தம் மெதுவாக, அவசரமே இல்லாமல், வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஹெலனுக்குப் பயம். கூடவே, வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். யாரோ இருக்கிறார்கள். மொபைலை மேசைமேல் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

யாருமில்லை. செடி மட்டும். அடியில் புதுத் தழை சிதறிக் கிடந்தது.

இலைக்குள் கை விட்டாள். கம்பி தட்டுப்படவில்லை. முழங்கை வரை விட்டாள். இல்லை. கம்பெனியில் தோல் இறுகியதும் ஷூவிலிருந்து அச்சை உருவிவிடுவார்கள். எத்தனை அச்சு உருவியிருக்கிறாள்! இதை யார் உருவியது?

முதுகில் ஏதோ பட்டது. சில்லென்று. கம்பி. தோளைச் சுற்றியது. இடுப்பை. கழுத்தை. அளவு கச்சிதம்.

செடி அவளைத் தாண்டிப் போனது. சரசரவென்று. படியேறி. வீட்டுக்குள்.

போன் அடித்தது.

கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறைய இலை.

"இன்னா மம்மி, ஜுரம் தேவலையா?" உள்ளே ஸ்பீக்கரில் ஜோசுவா.

"நல்லா ஆய்ட்டேன் கண்ணு." உள்ளிருந்து வந்தது ஹெலனின் குரல்தான்.

"அப்பாடா! பயந்தே போய்ட்டேன். அடுத்த மாசம் லீவு போட்டு வர்றேன் மம்மி. இனிமே உன்னைத் தனியா வுட மாட்டேன்."

ஐயோ, என் பிள்ளையே! ஹெலன் ஓரடி எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் மண்ணை விட்டு வரவில்லை. உள்ளே அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். மொபைல் வெளிச்சத்தில் பச்சைக் கை ஒன்று நீண்டு, ஜன்னல் கதவை மெல்லச் சாத்தியது.