முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மரியாதை

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பட்டப்பகல்; உள்ளே கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருட்டு. ஈரச் சுவரின் வாசனைக்கு நடுவே ஒரு கணினித் திரை மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் எக்ஸ்ரே அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

அங்கே சரிசெய்யச் சொல்லி என்னை அனுப்பியிருந்த கோளாறு எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை. படங்களைத் திறக்கும் பழைய மென்பொருள் ஒவ்வொரு முறையும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அக்காவுக்கு அந்த உரிமை இல்லை. இருபது வருடமாகக் கணினிப் பிரிவில் இருந்த பெரியவர்தான் ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து அடித்துக் கொடுப்பார். 'சாவிக்காரர்' என்றே அவருக்குப் பெயர். இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு அன்று காலைதான் நான் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் கடவுச்சொல்லை மாற்றினேன். ஒன்பது எழுத்து. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பிறகு கீழே வந்து, அந்த மென்பொருளை மட்டும் அக்காவே திறந்துகொள்ள வழி செய்தேன். கேள்வி கேட்காமல் திறந்தது.

"இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம்க்கா. ஆமா, இந்த ரெண்டு மாசம் எப்படிச் சமாளிச்சீங்க?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"பழையபடியே மாத்திடுங்க தம்பி. வீட்லயும் யாருமில்ல, இங்கயும் யாருமில்ல. அவர் ஒருத்தர்தான் வந்துட்டுப் போறாரு."

"யாரு?"

"அவர் அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்குவேன், ஒரு மரியாதைக்கு. அவர் செத்த மறுநாளும் பழக்கதோஷத்துல திருப்பிக்கிட்டேன். சத்தம் கேட்டுச்சு."

பாவம், தனிமை ஆளைக் குழப்பிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் வராது என்று காட்டிவிட்டால் தெளிந்துவிடுவார். செய்ததை நீக்கினேன். கடவுச்சொல் பெட்டி திரையில் வந்து நின்றது.

"திரும்பிக்கோங்க," என்று கிசுகிசுத்தார்.

வகுப்பில் தண்டனை வாங்கியவர்கள் போல இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்தது.

என் தோளை உரசிக்கொண்டு ஏதோ சில்லென்று போயிற்று.

விசைகள் தட்டப்பட்டன. நிதானமாக, ஒவ்வொன்றாக. எண்ணினேன்.

ஒன்பது.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. திரையில் யாருடைய விலா எலும்போ திறந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றார் அக்கா. என்னிடம் இல்லை.

'சரிசெய்ய இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அக்காவிடமிருந்து அவரைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நானும் தனி ஆள்தான். வீட்டில் கடவுச்சொல் அடிக்க உட்கார்ந்தால், என் முதுகுக்குப் பின்னால் ஒரு ரப்பர் செருப்பு சுவர்ப் பக்கமாகத் திரும்பும் சத்தம் கேட்கிறது. முதல் நாள் நடுங்கிப்போனேன்.

இப்போதெல்லாம் மெதுவாகத்தான் அடிக்கிறேன்.