மூணேகாலுக்குச் சொன்ன வார்த்தை

வேன் அந்த வீட்டு வாசலில் நின்றபோது மாலை மணி நான்கு. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. ஒரு பக்கம் ஷட்டர் இறக்கிய கிடங்கு. மறுபக்கம் காலி மனை. நடுவில், ஆள் இல்லாத வீடு.

கேட்டருகே குடையோடு காத்திருந்தார் வீட்டுச் சொந்தக்காரர்.

"நீங்கதான் நாய்க்காரம்மாவா?"

அந்தப் பெயர் அவளுக்குப் பழகிவிட்டது. அடிபட்டது, அடித்துத் துரத்தப்பட்டது என்று நாற்பது நாய்களை வைத்துக் காப்பகம் நடத்துகிறவளை ஊர் வேறெப்படிக் கூப்பிடும்?

"கேட்ல உங்க ஸ்டிக்கர் பாத்துதான் போன் பண்ணேன். வெள்ளையடிக்க ஆள் விட்டா, ரெண்டாம் நாளே வாளியப் போட்டுட்டு ஓடிட்டான். பின்பக்கம் நாய் குரைக்குதாம். ஜன்னல் வழியா பாத்தேன், ஒண்ணும் இல்ல. பின்கதவு சாவியும் குடியிருந்தவர் கையோட போயிடுச்சு."

"எங்ககிட்ட நாய் வாங்கிட்டுப் போன மெடிக்கல் ரெப்தானே இங்க இருந்தார்? எப்ப காலி பண்ணார்?"

"எட்டு மாசம் ஆச்சும்மா."

அவள் கேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த ரெப்பிடம் போனில் பேசியிருந்தாள். தத்துக் கொடுத்த நாயை மூன்று மாதத்துக்கொரு முறை விசாரிப்பது காப்பகத்தின் வழக்கம். வாய் வார்த்தை செல்லாது, நாயின் குரல் கேட்க வேண்டும். கேட்டால் பதிவேட்டில் 'நலம்'. வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் கண்டுபிடித்த குறுக்குவழி.

குரல் கேட்டது. 'நலம்' என்று எழுதினாள்.

அது மூணேகாலின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தபோது அவள் கண்டெடுத்த நாய். அந்தத் தொண்டையிலிருந்து குரல் கிழிந்துதான் வரும், கடைசியில் ஒரு விசும்பலோடு. பெயர் வைத்தது வேன் டிரைவர். "மூணு கால் முழுசு, நாலாவது கால்வாசி. கூட்டிப் பாருங்கக்கா, மூணேகால்." அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

இப்போது டிரைவர் சிரிக்கவில்லை. ஜாக்கிக் கம்பியால் பின்கதவுப் பூட்டை நெம்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் பழைய சுண்ணாம்பு வாசனை, அடைத்துக் கிடந்த காற்றின் வாசனை. அதற்கும் அடியில், மெதுவாக, இன்னொன்று.

நனைந்த நாயின் வாசனை.

பூட்டு தெறித்தது.

"நீ வேன்கிட்ட இரு" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளையே உறுத்தியது.

'இரு.' காப்பகத்தில் நாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் வார்த்தை. 'இரு' என்றால் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். 'வா' என்றால்தான் எழ வேண்டும். தத்துக் கொடுத்த அன்று ரெப்பிடம் பெருமையாகச் சொன்னாள்: "இந்த ஒரு வார்த்தை போதும் சார். சங்கிலியே வேண்டாம்." பிறகு, தன் துப்பட்டா நுனியைப் பல்லால் பிடித்திருந்த மூணேகாலிடம் குனிந்து, "இரு, வந்துடறேன்" என்றாள்.

அவன் உடனே துப்பட்டாவை விட்டான். உட்கார்ந்தான்.

அவள் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். ஒன்றரை வருடமாக வரவில்லை.

பின்முற்றம் சின்னதுதான். துவைக்கிற கல்லைச் சுற்றிக் கொஞ்சம் சிமென்ட் தரை, உடைந்த தொட்டி, மற்றபடி முழங்கால் வரை புல். குரைப்புச் சத்தம் இல்லை.

கல்லுக்குப் பின்னால் சருகு குவிந்திருந்தது. கையால் விலக்கினாள்.

கழுத்துப் பட்டை. காப்பகத்தின் எண் பொறித்த தகடு. அதைச் சுற்றி, மழையில் வெளுத்த எலும்புகள். முன்னங்கால்கள் நீட்டி, வீட்டுக் கதவைப் பார்த்தபடி.

அவள் அழவில்லை. சங்கிலியைத் தேடினாள். கட்டிப்போட்டுவிட்டுப் போன அந்தப் பாவியை என்ன செய்யலாம் என்று மனசு பரபரத்தது.

சங்கிலி இல்லை. கயிறும் இல்லை.

பின்சுவர் பாதி இடிந்து காலி மனையைப் பார்த்துத் திறந்து கிடந்தது. நான்கே எட்டில் வெளியே போயிருக்கலாம்.

ரெப்பின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"மேடம், நல்லா இருக்கு மேடம். கேக்குதா?"

போனுக்குள் நாய் குரைத்தது. கிழிந்த குரல். கடைசியில் விசும்பல்.

"நான் உங்க பழைய வீட்டுப் பின்னாடி நிக்கறேன். மூணேகால் என் காலடியில கிடக்கறான்."

குரைப்பு நின்றது.

"மேடம்." அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இங்க நாயே இல்ல மேடம். நீங்க போன் பண்ணாதான் குரைக்குது. எங்கிருந்துன்னு தெரியல. என் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"ஏன் சார் விட்டுட்டுப் போனீங்க?"

"புது வீட்டுல நாய் கூடாதுன்னுட்டாங்க. கட்டிக்கூடப் போடல மேடம். எங்கயாவது போய்ப் பொழச்சுக்கும்னுதான்..."

"அப்புறம் ஏன் போகல?"

"லாரி பின்னாடியே நொண்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. பாக்க முடியல. திரும்பக் கூட்டிட்டுப் போய் அங்கயே உக்கார வெச்சு... நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மேடம். 'இரு'ன்னேன்."

போன் அவள் கையிலிருந்து புல்லில் விழுந்தது.

தூறல் நின்றிருந்தது. முற்றத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கல்லுக்குப் பின்னால் ஏதோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது.

அவள் மண்டியிட்டாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"வா."

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு ஈர சிமென்ட்டில், மெல்ல,

டக். டக். டக். சர்ர்ர்.

மூன்று முழுசு. ஒன்று கால்வாசி.

டக். டக். டக். சர்ர்ர்.

அவள் முழங்காலருகே வந்து நின்றது. துப்பட்டாவின் நுனி இறுகியது. பல்லால் பிடித்து இழுப்பதுபோல.

"இவ்ளோ நாளாடா" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

எலும்புகளைக் காப்பகத்தின் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். நாற்பது நாய்களும் சாப்பிடாமல் வரிசையாக நின்று பார்த்தன. குழியை அல்ல. அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை.

அன்றிலிருந்து போன் விசாரிப்பு கிடையாது. ஞாயிறுதோறும் வேன் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். போன் செய்வது, வருகிற நேரத்தைச் சொல்வதற்கு மட்டும்.

போன வாரம் அப்படித்தான், நாய் தத்தெடுத்த ஒரு டீச்சரைக் கூப்பிட்டாள். காப்பக அலுவலக அறை, கதவு சாத்தி, அவள் மட்டும்.

"வாங்க மேடம், வீட்டுலதான் இருப்பேன்" என்ற டீச்சர், வைக்கப் போனவள் தயங்கினாள். "உங்க பக்கத்துல ஒரு நாய் ரொம்ப நேரமா குரைக்குதே. தொண்டை கட்டின மாதிரி. அது நல்லா இருக்கா?"

அவள் காதில் எதுவும் விழவில்லை. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். வெறும் தரை.

துப்பட்டாவின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது.

"இருக்கான்" என்றாள்.