நாற்பத்திரண்டாவது பெயர்

2071 நவம்பர் 9. இன்று ஒரு சிறு தவறு. அலுவலகப் பேனாவை மறதியாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பற்றுமானியில் பதிய வேண்டும்.

நாட்குறிப்பை எழுதி முடித்த கையோடு ஜெசிந்தா பேனாவைப் பதிந்தாள். 'அப்படி ஒருவர் இல்லை' என்றது, ஊரின் கொடுக்கல் வாங்கலையெல்லாம் கணக்கு வைக்கும் பற்றுமானி. தன் பெயரைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று மூன்று முறை சரிபார்த்தாள். தப்பில்லை.

உலக வளர்ச்சிக் கூட்டமைப்பின் ஊழல் தடுப்பு ஆலோசகராக அவள் நாகப்பட்டினம் வந்து ஆறு வருடம். கடல் தடுப்புச் சுவருக்கான நிதியை, ஆளே இல்லாத பினாமிப் பெயர்களில் யாரோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். முகவரி, கைரேகை, புகைப்படம் எல்லாம் பொருந்தின. ஒரு பினாமிக்கு எதை வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம், உறவுக்கும் ஊருக்கும் செய்யும் செய்முறையை மட்டும் செய்ய முடியாது என்று கண்டுபிடித்தவள் ஜெசிந்தாதான். காதுகுத்துக்குச் சீர், சாவுக்கு மாலை, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் மீன்குழம்பு என்று மனிதர்களிடையே போய்வருவதையெல்லாம் பற்றுமானி படிக்கும். மூன்று வருடம் எதுவும் போகாமல் வராமல் இருந்தால் அது ஆளில்லை, வெறும் பெயர். நாற்பத்தோரு பெயர்கள் அதில் சிக்கின. ஆட்சேபிக்க ஒருவரும் நேரில் வரவில்லை.

ஆலோசகர் எவரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. விருந்துகளில்கூட அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைத்தான் குடித்தாள்.

இன்று சிக்கிய நாற்பத்திரண்டாவது பெயர் அவளுடையது. நாளைக்குள் அது பட்டியலிலிருந்து நீங்காவிட்டால் அவள் கையெழுத்திட்ட அறிக்கை செல்லாது. நாற்பத்தோரு பெயர்களும் தப்பிவிடும், சுவர் பாதியில் நிற்கும், கடல் நிற்காது. அவளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரே ஒருவர் சாட்சி சொன்னால் போதும். சக ஆலோசகர்கள் கூடாது.

தூத்துக்குடியிலிருந்த அக்கா பிலோமியை அழைத்தாள்.

"யாரு?"

"நான்தாங்க்கா. ஜெசி."

"ஏட்டி, உசுரோடதான் இருக்கியா?"

"அதத்தான் ஒருத்தர் வந்து சொல்லணும்க்கா." விஷயத்தை விளக்கினாள்.

அக்கா சிரித்தாள். "நீ வச்ச பொறியில நீயே எலியாட்டி? சரி, நான் என்ன சொல்லணும்?"

"மூணு வருசத்துல நீ எனக்கு என்ன குடுத்தே, இல்ல நான் என்ன குடுத்தேன்னு. ஒண்ணு போதும்."

சிரிப்பு நின்றது. அக்கா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எம் மவ ரீத்தா கல்யாணத்துக்கு நீ வரல. மாப்ள வீட்டுல ஒருத்தர் கான்ட்ராக்டர்னு சொன்னே. கிறிஸ்மஸ் பலகாரத்தத் திருப்பி அனுப்பிட்டே, ரசீதோட."

"விதி அப்படிக்கா."

"தப்புன்னு சொல்லல. வேற எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. ஒரு சேல எடுத்துத் தந்தேன்னு சொல்லிரட்டா?"

ஜெசிந்தாவுக்குச் 'சொல்லுக்கா' என்பது நாக்குவரை வந்துவிட்டது. எந்தப் பெரிய ஊழலும் இப்படி ஒரு சேலையில்தான் தொடங்கும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்பவள் அவள்.

"வேண்டாங்க்கா."

"அப்ப நான் என்னத்தச் சொல்ல?" அக்கா நிஜமாகவே கேட்டாள்.

ஜெசிந்தா நாட்குறிப்பைத் திறந்து எழுதினாள்.

நாளை: பத்து மணிக்கு ஆட்சேபக் கூடம். ஒரு சாட்சி வேண்டும். எட்டு மணிக்கே தெருமுனை டீக்கடைக்குப் போய், அங்கே யாருக்காவது என் பெயர் தெரியுமா என்று கேட்க வேண்டும்.