தேவசேனாவின் கார்டில் கிஷோர்

காலை 11.20. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே வேலைவாய்ப்பு மேளா.

சிவசங்கரன் மேசைமேல் இருந்த கறுப்புக் கார்டின் மீது தன் போனை வைத்தார். டிங் என்று சத்தம் வந்தது. திரையில் ஓர் இணையப் பக்கம் திறந்தது. அதில் ஓர் இளைஞனின் படம், படத்துக்குக் கீழே கிஷோர் என்ற பெயர்.

அவர் எதிரே நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பேரு?"

"தேவசேனா சார். கார்டுலயே இருக்கு."

"கார்டுல இருக்கு. உள்ள இருக்கறது யாரு?"

போனை அவள் பக்கம் திருப்பினார். தேவசேனா பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நகரியில் விசைத்தறி ஓட்டும் முனிகிருஷ்ணனின் மகள் அவள். புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். காகித பயோடேட்டாவைக் கொடுத்தால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும் என்று தெரிந்து, விசிட்டிங் கார்டையே ஒரு சர்க்யூட் போர்டாகச் செய்திருந்தாள். அதில் பேட்டரி கிடையாது. போனை அருகில் கொண்டுபோனால் போனின் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கார்டின் ஓரம் முழுவதும் பச்சையாக ஒளிரும், போனில் அவள் செய்த வேலைகளின் பக்கம் திறக்கும். 'எனக்கு வேலை தெரியும்' என்று வாயால் சொல்ல வேண்டாம், கார்டே சொல்லிவிடும்.

அந்தக் கார்டில் இப்போது கிஷோர் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வகுப்புத் தோழன். படத்துக்குக் கீழே அவளுடைய கார்டின் படம், அதன் கீழே ஒரு வரி: 'மின்கலம் இல்லாத கார்டு, என் கண்டுபிடிப்பு.'

"லைட் எரியும்னு சொன்ன. எரியல," என்றார் சிவசங்கரன். வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் அவர். குரல் பக்கத்து மேசைகளுக்கும் கேட்டது. "படிப்பு முடிச்சு ரிசல்ட் வந்துடுச்சுன்னு சொன்ன. கார்டுல 'இறுதியாண்டு'ன்னு போட்டிருக்கு. எத்தனை பொய்? அந்தப் பையன் செஞ்சதை எடுத்து மேல உன் பேரை அடிச்சுக்கினு வந்துட்டியா?"

"நான் செஞ்சது சார்! காலையில பஸ் ஸ்டாண்ட்ல கூட டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கினுதான் வந்தேன்!"

"சுலோச்சனா மேடம்! இங்க வாங்க."

மேளாவை ஏற்பாடு செய்திருந்த சித்தூர் கன்சல்டன்சியின் நிர்வாகி சுலோச்சனா விரைந்து வந்தார். போனைப் பார்த்தார். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"ச்ச. பாவம் கிஷோர். எங்க கேண்டிடேட் சார் அவன், நல்ல பையன். வாசல்ல போலீஸ் இருக்காங்க, ஒப்படைச்சுடலாம்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். வேலை கேட்டு வந்த பெண்ணைத் திருடி என்று சொல்ல அந்த மண்டபத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 'என்ன ஆச்சு?' என்று ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை.

காலை 11.40. மண்டபத்தின் பாத்திர அறை.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் மைத்ரேயி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர், பெருமாள் கைங்கரியக் குடும்பம். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் தெலுங்கு.

"உட்காரு. எதுக்கு அழற?"

"அழல மேடம். கோவம்."

"சரி. கோவமாவே சொல்லு. இந்தக் கார்டை யார் வேணும்னாலும் மாத்தி எழுத முடியுமா?"

"முடியாது மேடம். எழுதினப்புறம் பூட்டிட்டேன். நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

"அப்படின்னா கிஷோர் உள்ள எப்படி வந்தான்?"

"அதான் மேடம் எனக்கும் தெர்ல!"

மைத்ரேயி அவளுடைய கார்டு டப்பாவைக் கையில் எடுத்தார். அளவெடுத்துச் செய்த சின்ன அக்ரிலிக் டப்பா. அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"மூடி மூடலை மேடம். காலையில நல்லாத்தான் மூடுச்சு. எழுத்துப் பரீட்சை முடிஞ்சு பையை வாங்கிக்கினு வந்து பாக்கறேன், அமுக்கினா மூடவே மாட்டேங்குது. அவசரத்துல ரப்பர் பேண்டைப் போட்டுட்டேன்."

"அதுக்குள்ள யாருக்காவது கார்டு கொடுத்திருந்தியா?"

"ஒண்ணும் கொடுக்கல."

"பரீட்சை நேரத்துல பை எங்க?"

"டோக்கன் கவுண்டர்ல. எல்லாரும் வெச்சுட்டுத்தான் போகணும்னு சொன்னாங்க."

மைத்ரேயி டப்பாவை மேசைமேல் வைத்தார். கிஷோரை வரச் சொன்னார்.

கிஷோர் புது இஸ்திரி சட்டையில் வந்தான். தேவசேனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பரீட்சை நேரத்துல நீ எங்கப்பா இருந்த?"

"பரீட்சை ஹால்ல மேடம். முதல் வரிசை."

"இந்தப் பக்கம் உன்னோடதா?"

"கன்சல்டன்சில பண்ணிக் கொடுத்தாங்க. நான் போட்டோ மட்டும்தான் கொடுத்தேன்."

"எந்த போட்டோ?"

அவன் தயங்கினான். "நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச ப்ராஜெக்ட். அந்தக் கார்டு... அது சேனா செஞ்சதுதான். நான் வார்னிஷ் அடிச்சுக் கொடுத்தேன்."

"டேய்!" தேவசேனா எழுந்துவிட்டாள். "அங்க என்னைத் திருடின்னு சொல்லும்போது நீ அடுத்த மேசையிலதானே நின்னுக்கினு இருந்த? இதை அங்க சொல்றதுக்கென்ன?"

கிஷோர் தரையைப் பார்த்தான். "அப்பதான் ஒரு கம்பெனில செலக்ட் ஆயிட்டேன்னு சொன்னாங்க."

மைத்ரேயி கையை நீட்டினார். "அவ கொடுத்த கார்டு எதாவது உங்கிட்ட இருக்கா?"

பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மைத்ரேயி அதை ஒருமுறை படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஒரு போன், சித்தூரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் உமாபதிக்கு. கார்டின் மேல் எழுத்தெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவர் அவர்.

"முதல்ல ஒரே ஒரு சாம்பிள் அடிச்சேங்க. அப்புறம் ரிசல்ட் வந்துடுச்சு, 'பி.டெக்.'னு மாத்துங்கன்னு அந்தப் பொண்ணே வந்து நின்னு மாத்திக்கினு போச்சு. பழைய ஃபைலையும் கையோட அழிக்க வெச்சுது. ஏங்க, கார்டுல எதனா தப்பா?"

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல," என்று மைத்ரேயி போனை வைத்தார்.

"அந்த ஒரு சாம்பிள் எங்க போச்சு?"

தேவசேனா யோசித்தாள். "சித்தூர்ல பதிவு பண்ணப் போனப்போ சுலோச்சனா மேடம் கேட்டு வாங்கிக்கினாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட காட்றேன்னு சொன்னாங்க. கூடவே, எங்க கன்சல்டன்சில சேந்துடு, அப்பத்தான் முன்னாடி அனுப்புவோம்னாங்க. என் வேலையே பேசும், நான் சேரலன்னு சொல்லிட்டேன்."

அப்போது கதவோரம் ஒரு குரல் கேட்டது. சித்தூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் சிறிய கம்பெனியின் முதலாளி வேங்கடலக்ஷ்மி.

"உள்ள வரலாமா? அந்தப் பொண்ணு எனக்கும் கார்டு கொடுத்துச்சு. எனக்கு இவ பக்கம்தானே வந்துது? பச்சை லைட்டும் எரிஞ்சுதே. எதுக்கு இந்தக் கலாட்டா?"

தேவசேனா வாய் திறந்தபடி நின்றாள். மைத்ரேயி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எப்படி வெச்சீங்க? அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

வேங்கடலக்ஷ்மி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதன் முதுகில் கார்டை, பெயர் மேலே தெரியும்படி வைத்தார். "பேரைப் படிச்சுக்கினே வெச்சேன், அவ்வளவுதான்." கார்டின் ஓரம் பச்சையாக எரிந்தது. போனை நிமிர்த்தினார். திரையில் தேவசேனாவின் பக்கம் திறந்திருந்தது.

மைத்ரேயி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "டோக்கன் கவுண்டர் குப்பைக்கூடை. அப்படியே தூக்கிண்டு வா."

மதியம் 12.30. மண்டபத்தின் நடுவே.

மைத்ரேயி எல்லாரையும் அந்த மேசைக்கே வரவழைத்தார். எந்த இடத்தில் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தினார்களோ, அதே இடம். கூட்டம் சுற்றி நின்றது.

"சிவசங்கரன் சார், உங்ககிட்ட இருக்கற கார்டைக் கொடுங்கோ."

கொடுத்தார். மைத்ரேயி கார்டின் மூலையில் நகத்தை வைத்து மெல்ல நெம்பினார். கார்டின் முகம் தோலைப் போல உரிந்து வந்தது. அதன் அடியில் அதே கறுப்பு, அதே பெயர், அதே எழுத்து. இரண்டாவது முகம்.

"படிங்கோ சார்."

சிவசங்கரன் கண்ணாடியைச் சரிசெய்தார். "மு. தேவசேனா... பி.டெக்."

"உரிச்சதுல?"

"இறுதியாண்டு."

"இது ஸ்டிக்கர். இதுக்குள்ள வேற ஒரு சிப் இருக்கு. கிஷோர் பக்கத்துக்குப் போறது அதுதான். கார்டைப் பூட்டியிருக்கு, அதுல யாராலும் எழுத முடியாது. அதனால மேல ஒட்டிட்டா. அடியில பாருங்கோ, கறுப்புப் படலம். இரும்பு மேல ஒட்டறதுக்குன்னு விக்கற ஸ்டிக்கர் இது. அலையைப் பின்பக்கம் விடாது. முன்னாடி போனை வெச்சா கிஷோர் வருவான், லைட் எரியாது. பின்பக்கம் வெச்சா தேவசேனா வருவா, லைட் எரியும். வேங்கடலக்ஷ்மி மேடம் ஒருத்தர்தான் பின்பக்கம் வெச்சார். ஒவ்வொரு கார்டு மேலயும் ஒரு ஸ்டிக்கர் கனம் ஏறினதாலதான் டப்பா மூடலை. காலையில மூடின டப்பா, டோக்கன் கவுண்டர்ல இருந்து திரும்பி வந்தப்புறம் மூடலை."

சுலோச்சனா சொன்னார்: "கிஷோர் இப்படிப் பண்ணுவான்னு நான் எதிர்பார்க்கவே இல்ல, மேடம்."

"நானும் முதல்ல அவனைத்தான் நெனச்சேன்." மைத்ரேயி பையிலிருந்து கிஷோரின் கார்டை எடுத்தார். "ஆனா அவன்கிட்ட இருக்கறது புதுக் கார்டு. வார்னிஷ் அடிச்சதே அவன்தான். உமாபதி புது எழுத்தைத் தன் கையால அச்சடிச்சவர். இவா ரெண்டு பேர்ல யார் ஸ்டிக்கர் பண்ணியிருந்தாலும் 'பி.டெக்.'னுதான் இருந்திருக்கும். 'இறுதியாண்டு'ன்னு அடிச்ச ஆளுக்கு எழுத்து மாறினதே தெரியாது. அந்த ஆள்கிட்ட இருந்தது பழைய சாம்பிள் ஒண்ணுதான். அது யார்கிட்ட இருக்கு, சுலோச்சனா மேடம்?"

கூட்டம் சுலோச்சனாவின் பக்கம் திரும்பியது.

"எனக்கு ஞாபகம் இல்ல."

கான்ஸ்டபிள் குப்பைக்கூடையை மேசைமேல் கவிழ்த்தார். டீ கப், டோக்கன் துண்டு, அவற்றுக்கு நடுவே உரித்துப் போட்ட ஸ்டிக்கர் தாள்கள். ஒவ்வொன்றும் விசிட்டிங் கார்டு அளவு.

"டோக்கன் கவுண்டர் உங்க ஆட்கள். பக்கம் உங்க கன்சல்டன்சி செஞ்சது. கவுண்டர் உள்ள உட்கார்ந்து ஒட்டின பொண்ணு, கான்ஸ்டபிள் கேட்டதுமே வாயைத் திறந்துட்டா. நீங்க சொல்றேளா, அவ சொல்லட்டுமா?"

சுலோச்சனாவின் குரல் உயர்ந்தது. "என்ன பெரிய குத்தம்? ஒரு ஸ்டிக்கர்! அந்த சாம்பிளைக் காட்டினா எல்லாக் கம்பெனியும் இந்தப் பொண்ணை அனுப்புன்னு கேக்கறாங்க. இவ என்கிட்ட சேர மாட்டேங்கறா. கிஷோர் என் கேண்டிடேட். அவன் போனாத்தான் எனக்குக் கமிஷன்."

"அதுக்கு எம்பேர்ல ஏன் கை வெச்சீங்க?" தேவசேனா முன்னால் வந்தாள். "எட்டு டேபிள்ல என் கையாலயே அவனைப் பத்திச் சொல்ல வெச்சுட்டீங்க. நானே சிரிச்சுக்கினு கொடுத்தேன்! ராவெல்லாம் கண்ணு முழிச்சு சால்டர் பண்ணது நானு. ஸ்டிக்கராம், ஸ்டிக்கரு!"

"ஆள்மாறாட்டம், மோசடி. மீதி ஸ்டேஷன்ல பேசிக்கலாம்," என்றார் மைத்ரேயி. "வண்டியில ஏறுங்கோ."

கிஷோர் தானாகவே, தன்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனியின் மேசைக்குப் போனான். "அது என் வேலை இல்ல சார், தேவசேனா செஞ்சது," என்று சொல்லிவிட்டு, கொடுத்த செலக்ஷன் கடிதத்தைத் திரும்ப வைத்தான். பிறகு தேவசேனாவின் பக்கம் வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வெளியே போய்விட்டான்.

சிவசங்கரன் எழுந்து நின்றார். எழுந்தது தாமதம்தான். "தப்புதாம்மா. எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னோடது. நாளைக்கே வந்து சேந்துடு. இன்டர்வியூகூட வேண்டாம்."

"சார், நீங்க சோதனைப் பிரிவுத் தலைவர்தானே?"

"ஆமா."

"உங்க ஃபேக்டரில ஒரு போர்டு எரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் எரியலைன்னு பாப்போம்."

"திருப்பிப் போட்டுப் பாப்பீங்க. வேற போன்ல வெச்சுப் பாப்பீங்க. ரெண்டு ரூபா போர்டுக்குக் காட்ற பொறுமையை எனக்குக் காட்டலியே சார். ஒரு கேள்வி, 'என்னம்மா ஆச்சு'ன்னு கேட்டிருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு நஷ்டஈடா வேலை வேணாம் சார்."

டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கடைசி மேசைக்குப் போனாள். வேங்கடலக்ஷ்மி நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"எங்களுது சின்ன கம்பெனிம்மா. ஏசி கூட கிடையாது."

"பரவால்லக்கா. ஆனா இன்டர்வியூ பண்ணுங்க. முழுசா. பாவம்னு பாத்து எதையும் விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்," என்று வேங்கடலக்ஷ்மி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "ரத்தத்துல ஆக்ஸிஜன் பாக்கற கருவி ஒண்ணு. கறுத்த விரல்ல வெச்சா தப்பா காட்டுது. மூணு மாசமா எங்க ஆளுங்களால கண்டுபிடிக்க முடியல. எங்கேர்ந்து ஆரம்பிப்ப?"

தேவசேனா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல அந்தக் கருவியைத் திறந்து காட்டுங்கக்கா," என்றாள்.