நாலு மணிக்கு மூன்று தட்டு

பேய் என்பது உயரம் சம்பந்தப்பட்ட விஷயம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குக் கீழே பேய் வசிக்க முடியாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் புவியியல் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில், அடிக்குறிப்போடு நிறுவியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடிவந்த நார்த்மீட்டின் உயரம் முப்பது மீற்றர் சொச்சம். ஆகவே 1978 டிசம்பரில் நானும் அக்கா யோகாவும் சுவிஸ்காரர் ரேட்டோவின் பலகை வீட்டில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளுக்குப் பெட்டிகளோடு வந்து இறங்கியபோது எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

என் ஆய்வு ஹின்டர்லாவி என்ற சுவிஸ் மலையூரைப் பற்றியது. ஆயிரத்து நானூறு மீற்றர் உயரம், ஒடுங்கிய பள்ளத்தாக்கு, நாற்பத்தொரு வீடுகள். கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் மாசியில்தான் திரும்பும். ரேட்டோ அங்கே பிறந்தவர். 1951 தை மாதத்துப் பனிச்சரிவில் ஒன்பது வீடுகள் புதைந்தன. எல்லோரையும் தோண்டி எடுத்தார்கள், அவருடைய தம்பி அன்டோனைத் தவிர. பிறகு ரேட்டோ ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்கம் தோண்ட வந்துவிட்டார்.

புதைந்தவர்களை அந்த ஊரில் நீண்ட கம்பால் பனியைக் குத்தித் தேடுவார்கள். தேடல் நின்றபின்னும், ஆளை இழந்த வீட்டார் தை மாதம் முழுவதும் பின்னேரம் நாலு மணிக்கு அதே கம்பால் தரையில் மூன்று தரம் தட்டி, ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். இன்னும் தேடுகிறோம் என்று அர்த்தம். தட்டாவிட்டால், புதைந்தவன் தேடிக்கொண்டு வருவானாம்.

நார்த்மீட்டில் தை மாதம் நாற்பது டிகிரி. ரேட்டோ பெனியனோடு வியர்த்து வழிய, குசினித் தரையில் அப்படியொரு கம்பால் தட்டுவார்.

"ஹின்டர்லாவியில இப்ப விடிய ஆறு மணி, ரேட்டோ," என்றேன் ஒருநாள்.

"புதைஞ்சவனுக்கு எந்த மணியும் ஒண்டுதான்," என்றார்.

அதையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன்: நேர வித்தியாசம் பற்றிய அறியாமை.

தை நடுவில் அவருக்கு மூச்சு முட்டியது. அக்கா நேர்ஸாக வேலைசெய்த வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிறி, நாளைக்கு நீ தட்டு. அவன் பதினாறு வயசுப் பிள்ளை. அண்ணன் விட்டிட்டுப் போயிட்டான் எண்டு நினைக்கப்படாது."

"ஓம்," என்றேன். நோயாளியிடம் எல்லோரும் சொல்கிற ஓம்.

மறுநாள் நாலு மணிக்குக் குசினியில் இருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கம்பு மூலையில் நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தேன். சிரித்தேன். தேநீர் ஊற்றினேன்.

வெளியே சிள்வண்டுகள் ஒரேயடியாக நின்றன.

ஏதோ மணத்தது. நனைந்த கம்பளி. அதற்கடியில் மணமே இல்லாத ஒரு குளிர், ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டதுபோல. நான் பனியைக் கண்டதில்லை. நாலாம் அத்தியாயம் முழுக்கப் பனிதான், ஆனாலும் கண்டதில்லை.

தேநீரில் ஆவி பறக்கவில்லை.

கீழே தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது, சரியாக என் கதிரைக்கு அடியில்.

குழாய்தான் என்று சொல்லிக்கொண்டேன். வீடு குட்டைச் செங்கல் தூண்களில் நிற்பது. டோர்ச்சோடு அடியில் தவழ்ந்து போனேன். காய்ந்த மண். பழைய பெயின்ற் வாளி. சிலந்தி வலைகள் அறுபடவே இல்லை. குழாய் அந்தப் பக்கத்தில் இல்லை. குசினிப் பலகையின் அடிப்புறத்தில் கைமுட்டி அளவில் மூன்று உறைந்த வெள்ளைத் திட்டுகள். தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது.

அக்கா இருட்டுவதற்கு முன் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தாள்.

"டேய், நீ தட்டினனியோ?"

"நான் ஆராய்ச்சி மாணவன் அக்கா. தச்சன் இல்லை."

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாலு மணிக்கு மனுசன் நீ தட்டினனியோ எண்டு கேட்டது. தட்டியிருப்பான் எண்டு நான் சும்மா சொன்னனான். கட்டில் காலடியைப் பார்த்து, 'அப்ப ஏன் இவன் இங்க நனைஞ்சு நிக்கிறான்?' எண்டு கேட்டார்."

"பிறகு?"

"கொஞ்சம் தள்ளிப் படுத்தார். பக்கத்தில ஆளுக்கு இடம் விடுறமாதிரி." மெல்லச் சொன்னாள். "பத்து நிமிசத்தில முடிஞ்சுது. துணி மாத்த நான்தான் போனனான், சிறி. கட்டிலின்ர ஒரு பக்கம் தண்ணி. ஐஸ் தண்ணி."

அன்றிரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்கா அறையில் படுத்திருந்தாள். நான் ஆய்வேட்டோடு குசினியில் இருந்தேன். ரேட்டோ போய்விட்டார், தம்பி அவரைக் கண்டுபிடித்துவிட்டான், வழக்கம் முடிந்தது. தர்க்கம் அப்படித்தான் சொல்லியது.

நாலு மணி.

கீழேயிருந்து மூன்று தட்டு.

பிறகு இன்னொரு கையால், வயதான கையால், மூன்று.

யாரையோ தேடுகிறார்கள்.

நான் எழுந்து மூலைக்குப் போனேன். அக்காவுக்குக் கேட்காதபடி கம்பு நுனியில் துவாயைச் சுற்றி, மூன்று தரம் தட்டிவிட்டு, ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன்.